நிரல் கற்கும் எல்லையோரப் பிள்ளைகள்

ஒவ்வோர் ஆண்டும் ஜூன், ஜூலை மாதங்களில் வங்கிக் கிளைகளுக்கு வரும் முகங்கள் மாறிவிடுகின்றன. வைப்புத்தொகை ரசீதைப் புதுப்பிக்க வருவோரும் ஓய்வூதியம் பெற வருவோரும் நிற்கும் வரிசையில், பிளாஸ்டிக் உறையிட்ட சான்றிதழ்களை மார்போடு அணைத்தபடி பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள். உடன் ஒரு தந்தையோ தாயோ, சில வேளைகளில் தாய்மாமனோ வந்திருப்பார். கல்விக் கடன் கேட்டு வந்தவர்கள் என்பது பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, இடுக்கி மாவட்டத்துத் தேயிலைத் தோட்டப் பகுதியில் நாம் பணியாற்றிய கிளைக்கு அப்படி ஒரு தந்தையும் மகளும் வந்தனர். தந்தை தோட்டத் தொழிலாளி. தாய் கொழுந்து பறிப்பவர். மகளுக்கு ஒரு பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல் பிரிவில் இடம் கிடைத்திருந்தது. படிவங்களை நிரப்பிக் கையொப்பங்களைப் பெற்று முடித்த பின், தந்தை தயங்கியபடியே கேட்டார்: "சார், இந்தப் படிப்பை முடிச்சா இவளுக்கு வேலை கிடைச்சிருமா?"

கடன் விண்ணப்பத்தில் நாம் கேட்கும் கேள்விகள் பல. அவர் திருப்பிக் கேட்டது ஒன்றுதான். "நன்றாகப் படித்தால் கிடைக்கும்" என்ற வழக்கமான பதிலைச் சொல்லி அனுப்பினோம். ஆனால் கணினி நிரலாக்கத்தை நன்றாகக் கற்பது என்றால் என்ன, அதை நன்றாகக் கற்பிக்கும் வகுப்பறை எப்படி இருக்கும் என்பதை, வணிகவியல் படித்த நாம் அதுவரை எண்ணிப் பார்த்ததே இல்லை. பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் வாடிக்கையாளர்களுக்கும் பயன்படும் என்பதால், அதன் பின் நாம் கண்டதையும் கேட்டதையும் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

இரண்டு எல்லைகள்

பாலக்காடும் இடுக்கியும் கேரளத்துக்குள் அடுத்தடுத்த மாவட்டங்கள் அல்ல. ஆயினும் இரண்டுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு: கிழக்கே தமிழ்நாடு. 1956 நவம்பர் 1ஆம் நாள் கேரள மாநிலம் உருவானபோது, சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்திலிருந்து பாலக்காடும், பழைய கொச்சி அரசின் பகுதியாக இருந்த சித்தூரும், திருவிதாங்கூரின் மலைப்பகுதிகளான தேவிகுளமும் பீருமேடும் அதில் சேர்ந்தன. எல்லைக்கோடு வகுக்கப்பட்ட பின்பும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேன்பதி, மூணாறு, மறையூர், வண்டிப்பெரியாறு போன்ற ஊர்களில் தமிழே வீட்டுமொழியாகத் தொடர்கிறது. தமிழ்வழிப் பள்ளிகளும் இப்பகுதிகளில் உண்டு.

இரு எல்லைகளின் வாழ்க்கையும் வேறு. பாலக்காட்டின் கிழக்குப் பகுதியில் தென்னையும் காய்கறியும் பயிரிடும் சிறு உழவர்கள் மிகுதி. இடுக்கியின் தோட்டப் பகுதியில் வாழ்வோர் பெரும்பாலும் லயங்களில் குடியிருக்கும் தொழிலாளர்கள். லயத்து வீடு தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமானது. பணிக்காலம் முடிந்தால் அதைக் காலி செய்ய வேண்டும். இரண்டு தலைமுறையாக ஒரே வீட்டில் வாழ்ந்திருந்தாலும் வங்கியில் அடமானமாக வைக்கப் பட்டா இருக்காது. ஆகவே அந்தக் குடும்பங்களுக்குக் கல்விக் கடன் என்பது, பிள்ளையின் எதிர்கால வருமானத்தை மட்டுமே நம்பி வாங்கும் கடன். வகுப்பறையில் உண்மையில் என்ன கற்பிக்கப்படுகிறது என்ற கேள்வி மற்றவர்களைவிட அவர்களுக்கு அதிகம் முக்கியமாவது அதனால்தான்.

அருகில் வந்த கல்லூரிகள்

ஒரு காலத்தில் பொறியியல் படிப்பு இப்பகுதிப் பிள்ளைகளுக்குத் தொலைவில் இருந்தது. இன்று நிலைமை அவ்வாறில்லை. பாலக்காட்டில் 1960 முதல் என்.எஸ்.எஸ். பொறியியல் கல்லூரி இயங்குகிறது. 1999இல் ஸ்ரீகிருஷ்ணபுரத்தில் அரசுப் பொறியியல் கல்லூரி தொடங்கியது. மலைப்பகுதியில் பைனாவில் அரசுப் பொறியியல் கல்லூரியும், மூணாறில் மூணாறு பொறியியல் கல்லூரியும் 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டன. 2015இல் பாலக்காடு ஐஐடி தன் முதல் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டபோது, அது செயல்பட்ட தற்காலிக வளாகம் தமிழ் பேசும் மக்கள் நிறைந்த கோழிப்பாறையில்தான் அமைந்திருந்தது. சென்னை ஐஐடி அதற்கு வழிகாட்டும் நிறுவனமாக இருந்தது. தொடக்க ஆண்டின் நான்கு பாடப்பிரிவுகளில் கணினி அறிவியலும் ஒன்று. வாளையாறைக் கடந்தால் கோயம்புத்தூர்க் கல்லூரிகளும் எட்டும் தூரத்தில் உள்ளன.

கேரளத்தின் பெரும்பாலான பொறியியல் கல்லூரிகள் 2014இல் நிறுவப்பட்ட ஏ.பி.ஜே. அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. அதன் 2019ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் முதலாண்டிலேயே 'சி' மொழி நிரலாக்கம் இடம்பெற்றது. கணினிப் பிரிவு மாணவர்களுக்கு ஐந்தாம் பருவத்தில் மென்பொருள் மேலாண்மைப் பாடமும் அதன் பின் சிறு திட்டப்பணியும் இறுதியாண்டுத் திட்டப்பணியும் வைக்கப்பட்டன. 2024ஆம் ஆண்டுத் திட்டமோ பைதான் மொழியின் துணைகொண்டு படிமுறைச் சிந்தனையைக் கற்பிக்கும் பாடத்தை முதல் பருவத்திலேயே கொண்டுவந்துவிட்டது. ஆக, கல்லூரியும் அருகில் இருக்கிறது. பாடத்திட்டமும் குறைசொல்லும்படி இல்லை. சிக்கல் வேறோர் இடத்தில் இருப்பதை அந்த மாணவியே நமக்குக் காட்டினார்.

ரெக்கார்டு நோட்டில் இருந்த நிரல்

இரண்டாம் ஆண்டுக்கான தவணையை விடுவிக்க மதிப்பெண் பட்டியலுடன் அவர் வந்திருந்தார். நிரலாக்கத்தில் நல்ல மதிப்பெண். மகிழ்ச்சியோடு, விளையாட்டாகவே கேட்டோம்: "அப்படியானால் உன் கடனுக்கு வட்டி எவ்வளவு என்று கணக்கிட ஒரு நிரல் எழுதித் தரலாமே?"

அவர் முகம் வாடிவிட்டது. "சார், ரெக்கார்டு நோட்டுல இருக்கிற புரோகிராம் எல்லாம் தெரியும். புதுசா ஒண்ணு கேட்டா எங்கே ஆரம்பிக்கணும்னு தெரியலை."

இது அவர் ஒருவரின் குறை அல்ல. நாட்டின் பல கல்லூரிகளில் ஆய்வகப் பயிற்சி இப்படித்தான் நடக்கிறது. பருவத்துக்கு இத்தனை நிரல்கள் என்று பட்டியல் இருக்கும். முந்தைய ஆண்டு மாணவரின் நோட்டிலிருந்து அவற்றைப் படியெடுத்து, கணினியில் தட்டச்சு செய்து, விடை வந்ததும் அச்சிட்டு ஒட்டிக் கையொப்பம் பெறுவார்கள். தேர்விலும் அந்தப் பட்டியலிலிருந்தே வினா வரும். நீச்சலைப் பற்றிய பாடத்தை மனப்பாடம் செய்து ஒப்பித்தவரை ஆற்றில் இறக்கினால் என்ன ஆகும்? மென்பொருள் நிறுவனத்தின் நேர்காணலில் அந்த மாணவருக்கு நேர்வதும் அதுவே. நான்கு ஆண்டுக் கட்டணமும் அதற்கான வட்டியும் அந்த நோட்டுக்காகவா செலவாக வேண்டும்?

கடன் கணக்கே ஒரு பயிற்சி

அன்று கிளையில் கூட்டம் குறைவு. வட்டிக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டினோம். எடுத்துக்காட்டாக, ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வீதம் நான்கு ஆண்டுகளில் 4 லட்சம் ரூபாய் வழங்கப்படுகிறது என்று கொள்வோம். படிப்புக் காலத்துக்குப் பின் மேலும் ஓராண்டு கழித்தே தவணை தொடங்குகிறது. கணக்குக்கு எளிதாக 10 விழுக்காடு தனிவட்டி என்று வைத்துக்கொள்வோம். முதல் லட்சம் 5 ஆண்டுகள் நிலுவையில் இருக்கும். அதற்கு வட்டி 50,000 ரூபாய். இரண்டாம் லட்சத்துக்கு 40,000, மூன்றாவதற்கு 30,000, நான்காவதற்கு 20,000. ஆகத் தவணை தொடங்கும்போது சேர்ந்திருக்கும் வட்டி 1,40,000 ரூபாய்.

ஒரே செயலை நான்கு முறை, ஒவ்வொரு முறையும் ஆண்டைக் குறைத்துக்கொண்டே செய்கிறோம். நிரலாக்கத்தில் லூப் எனப்படும் மடக்கு இதுவே. அந்த வார இறுதியில் அவர் பைதானில் இதை எழுதிப் பார்த்தார். விடை 1,20,000 என்று வந்தது. எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. கணினி அமைதியாக இருந்தது. தாளில் போட்ட கணக்கு கையில் இருந்ததால்தான் 20,000 ரூபாய் குறைவதை அவர் கண்டுகொண்டார். ரேஞ்ச் என்ற கட்டளையில் 1 முதல் 4 என்று குறிப்பிட்டால் பைதான் 1, 2, 3 என்று மூன்று சுற்றோடு நின்றுவிடும், முடிவெண்ணைச் சேர்த்துக்கொள்ளாது. நான்காம் ஆண்டு அப்படியே விடுபட்டிருந்தது.

பிறகு அதையே 'சி' மொழியில் எழுதினார். இம்முறை வட்டி சுழியம்! 10ஐ 100ஆல் வகுக்கும் பகுதியை அடைப்புக்குறிக்குள் தனியே வைத்து, இரண்டையும் முழு எண்களாக எழுதியிருந்தார். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் 'சி' மொழி பின்னப் பகுதியை வெட்டிவிடும், 0.1 என்பது 0 ஆகிவிடும். அந்த நிரலை ஒரு வங்கி பயன்படுத்தியிருந்தால் கடன்தாரர்கள் எல்லோரும் மகிழ்ந்திருப்பார்கள், வங்கிதான் மூடப்பட்டிருக்கும்.

பட்டியலில் இருந்த பல நிரல்களைப் படியெடுத்ததில் கிடைக்காத ஒன்று இந்த இரண்டு தவறுகளில் அவருக்குக் கிடைத்தது. அனுபவமுள்ள ஆசிரியர்களும் இதைத்தான் செய்கிறார்கள். நிரலை இயக்குவதற்கு முன் விடை என்னவாக இருக்கும் என்று மாணவர்களைச் சொல்லச் சொல்கிறார்கள். தாளில் கட்டம் போட்டு, ஒவ்வொரு வரியிலும் மாறியின் மதிப்பு எப்படி மாறுகிறது என்று எழுத வைக்கிறார்கள். வேண்டுமென்றே பிழையோடு ஒரு நிரலைக் கொடுத்துத் திருத்தச் சொல்கிறார்கள். புதிதாக எழுதுவதற்கு முன் பிறர் எழுதியதைப் படிக்கவும் அதில் சிறு மாற்றம் செய்யவும் பழக்குகிறார்கள். இருவரை ஒரே கணினியில் அமர்த்தி, ஒருவர் எழுத மற்றவர் கேள்வி கேட்கச் செய்கிறார்கள். இவற்றுக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை.

மூன்று மொழிகளுக்கு நடுவே

எல்லையோர மாணவருக்கு இன்னொரு சுமையும் உண்டு. வீட்டில் தமிழ், கடைவீதியில் மலையாளம், பாடநூலில் ஆங்கிலம். ஆசிரியர் ஆங்கிலத்தில் பாடம் நடத்தி மலையாளத்தில் விளக்கம் தரும்போது, தமிழ்வழியில் படித்து வந்த மாணவர் இரண்டு முறை மொழிபெயர்த்துப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஐயத்தை எந்த மொழியில் கேட்பது என்ற தயக்கத்தில் கேட்காமலே விட்டுவிடுகிறார். திறமைக் குறைவு என்று வெளியே தெரிவது பல நேரங்களில் இந்தத் தயக்கம்தான்.

பள்ளி நிலையில் இதற்கு நல்ல அடித்தளம் இடப்பட்டுள்ளது. கேரள அரசு 2001இல் தொடங்கிய பள்ளிக் கணினிக் கல்வித் திட்டம், இன்று கைட் என்னும் நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. கட்டற்ற மென்பொருளை அடிப்படையாகக் கொண்ட அதன் பாடநூல்கள் மலையாளம், ஆங்கிலத்தோடு தமிழிலும் கன்னடத்திலும் வெளிவருகின்றன. தமிழ்வழி மாணவர் உயர்நிலைப் பள்ளியிலேயே கணினியைத் தன் மொழியில் அறிந்துகொள்ள வாய்ப்பு உண்டு. கட்டளைச் சொற்களே தமிழில் அமைந்த 'எழில்' என்ற நிரலாக்க மொழியை முத்து அண்ணாமலை உருவாக்கி அளித்திருக்கிறார். தொழிலில் பயன்படும் மொழிகள் வேறாயினும், மடக்கும் நிபந்தனையும் என்னவென்று தாய்மொழியில் ஒருமுறை விளங்கிவிட்டால் பிற மொழிகளுக்கு மாறுவது கடினமன்று.

கல்லூரி நிலையில் ஐஐடிக்களும் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து நடத்தும் என்பிடெல் பாடங்கள் பல தமிழ் மொழிபெயர்ப்போடு இலவசமாகக் கிடைக்கின்றன. சென்னை ஐஐடி 2020இல் அறிவித்த இணையவழிப் பட்டப்படிப்பில் நிரலாக்கமும் தரவு அறிவியலும் கற்பிக்கப்படுகின்றன. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் தகுதிநிலைத் தேர்வில் தேறிச் சேரலாம். குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு.

நம் நாட்டில் கணினிக் கல்வியின் தொடக்கத்திலேயே எளிய மாணவரை மனத்தில் கொண்ட ஆசிரியர்கள் இருந்தனர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஈரோட்டில் 1933இல் பிறந்த பேராசிரியர் வி. ராஜாராமன் அவர்களுள் முதன்மையானவர். கான்பூர் ஐஐடிக்கு 1963இல் ஐபிஎம் 1620 கணினி வந்தபோது நிரலாக்கம் கற்பித்தவர்களுள் அவர் ஒருவர். 1965இல் அங்கே கணினி அறிவியலில் முதுநிலைப் படிப்பு தொடங்கக் காரணமாக இருந்தார். வெளிநாட்டு நூல்களை வாங்க இயலாத மாணவர்களுக்காக எளிய நடையில், குறைந்த விலையில் பாடநூல்களை எழுதினார். பின்னாளில் எம்.சி.ஏ. என்னும் படிப்பு உருவாவதற்கும் வழிவகுத்தார். அவருடைய நூலைப் படித்து நிரல் எழுதக் கற்றவர்கள் நம் வங்கிகளின் கணினிப் பிரிவுகளிலும் பலர்.

நிரலாக்கம் வேறு, மென்பொருள் பொறியியல் வேறு

ஒருவர் தனக்காக எழுதும் இருபது வரி நிரல் ஒன்று. பலர் சேர்ந்து எழுதி, ஆயிரக்கணக்கானோர் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தும் மென்பொருள் மற்றொன்று. இந்த வேறுபாட்டை உலகம் உணரத் தொடங்கியது 1960களில். பெரிய மென்பொருள்கள் காலம் தாழ்ந்தும் செலவு மிகுந்தும் பிழைகளோடும் வந்து சேர்ந்தன. 1968இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ அமைப்பின் ஆதரவில் கூடிய மாநாடு, 'மென்பொருள் பொறியியல்' என்ற பெயரையே தலைப்பாகக் கொண்டது. பாலம் கட்டுவதற்கு உள்ள ஒழுங்கு மென்பொருளுக்கும் வேண்டும் என்பது அதன் கருத்து.

இந்த ஒழுங்கு என்னென்ன என்று கேட்டபோது, வணிகவியல் படித்த நமக்கு அது பழகிய வீடாகவே தோன்றியது. குறிப்பேட்டில் ஒவ்வொரு பதிவின் கீழும் 'ஏன் இந்தப் பதிவு' என்று விளக்கக் குறிப்பு எழுதுகிறோம். மென்பொருளாளர்கள் ஒவ்வொரு மாற்றத்தோடும் அதே வகைக் குறிப்பை எழுதுகிறார்கள். பேரேட்டில் தவறான பதிவை நாம் அழிப்பதில்லை. எதிர்ப்பதிவு போட்டுத் திருத்துகிறோம், பழையதும் புதியதும் சான்றாக நிற்கும். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய 'கிட்' என்னும் கருவியும் அதற்கு இணையானவைகளும், யார், எப்போது, எதை மாற்றினார் என்பதை அவ்வாறே காத்து வைக்கின்றன. வங்கியில் ஒருவர் பதிவிட, மற்றவர் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். மென்பொருளிலும் ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துப் பார்த்த பின்பே சேர்க்கிறார்கள்.

இருப்பாய்வு நமக்கு என்னவோ, அதுவே அவர்களுக்குச் சோதனை. அதன் வரம்பும் நமக்குத் தெரியும். இருப்பாய்வின் இருபுறமும் சமமானால் கணக்கு முற்றிலும் சரி என்று பொருளல்ல. முழுமையாக விடுபட்ட பதிவும், ஒன்றையொன்று ஈடுசெய்யும் பிழைகளும் அதில் தெரியாமல் தப்பிவிடும். அதுபோலவே எல்லாச் சோதனைகளிலும் தேறிய மென்பொருளிலும் பிழை ஒளிந்திருக்கலாம். என்னென்ன சோதிக்க வேண்டும் என்று சிந்திப்பதே தனிக் கலை.

ஒழுங்கு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நிகழ்வு போதும். அமெரிக்கப் பங்குச் சந்தையில் பெரும் நிறுவனமாக விளங்கிய நைட் கேப்பிடல், 2012 ஆகஸ்டு 1ஆம் நாள் புதிய மென்பொருளைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. எட்டு வழங்கிக் கணினிகளில் ஏழில் புதிய நிரல் ஏற்றப்பட்டிருந்தது; ஒன்று விடுபட்டுப்போனது. அதில் ஆண்டுக்கணக்காகப் பயன்படாமல் கிடந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு, வேண்டாத பங்குகளை வாங்கவும் விற்கவும் தொடங்கியது. ஏறக்குறைய 45 நிமிடங்களில் இழப்பு சுமார் 44 கோடி டாலர். அந்நிறுவனம் பின்னர் வேறொரு நிறுவனத்தோடு இணைய நேர்ந்தது. எட்டாவது கணினியை இன்னொருவர் சரிபார்த்திருந்தால் போதும். இந்திய வங்கிகளின் கணினிமயத்துக்கு டாக்டர் சி. ரங்கராஜன் குழு 1984இல் வழி வகுத்த நாள் முதலாக, இருவர் சரிபார்க்கும் முறையை நாம் கைவிடாததன் காரணம் இதிலிருந்து விளங்கும்.

கொழுந்துக் கணக்கு

இவற்றையெல்லாம் கரும்பலகையில் எழுதிப் போட்டால் மாணவர் மனப்பாடம் செய்வார். தேர்வு முடிந்ததும் மறப்பார். உண்மையான ஒரு பயனருக்காக உண்மையான ஒன்றைச் செய்யும்போதுதான் இவை ஏன் தேவை என்பது புரிகிறது.

மூன்றாம் ஆண்டுச் சிறு திட்டப்பணிக்கு அந்த மாணவியும் தோழியர் இருவரும் தேர்ந்தெடுத்தது, கொழுந்து பறிக்கும் தாய்மார் தங்கள் எடையையும் கூலியையும் சரிபார்க்க உதவும் ஒரு செயலி. குறிப்பிட்ட எடைக்கு மேல் பறித்தால் படிப்படியாக ஊக்கத்தொகை கூடும். மாத முடிவில் கூலிச் சீட்டைப் பார்த்து அது சரிதானா என்று சொல்லுவது எளிதன்று. 'நாள், எடை' என்று இரண்டு கட்டங்களோடு செயலியை எழுதி முடித்துத் தாயிடம் காட்டினார்.

"ஒரு நாளைக்கு ஒரு தடவையா எடை போடுறாங்க? காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. மழை பெஞ்சா ஈரத்துக்குன்னு கழிப்பாங்களே, அது எங்கே? அப்புறம், இந்த இங்கிலீஷை நான் எப்படிப் படிக்கிறது?" என்று தாய் கேட்டிருக்கிறார். ஏன் முன்பே சொல்லவில்லை என்று மகள் சலித்துக்கொண்டதற்கு வந்த மறுமொழி: "நீ கேக்கவே இல்லையே."

மென்பொருள் பொறியியலின் முதல் அத்தியாயம் அந்த மூன்று சொற்களில் இருக்கிறது. பயனரிடம் கேளாமல் கட்டிய மென்பொருளை இடித்துத்தான் கட்ட வேண்டும். அவர்களும் இடித்தார்கள். எடைக்கு மூன்று கட்டங்கள் வந்தன. ஈரக் கழிவு வந்தது. திரையில் தமிழ் வந்தது. இதற்கிடையில் மூவரும் ஒரே கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பி மாற்றி மாற்றித் திருத்தியதில், எது கடைசிக் கோப்பு என்று தெரியாமல் ஒரு வார உழைப்பு அழிந்தது. அன்றைக்குத்தான் 'கிட்' எதற்கு என்று விளங்கியது என்றார் அவர். பிழையைச் சுட்டிக்காட்டும் தோழியோடு இரண்டு நாள் பேசாமல் இருந்ததும், பிறகு அவர் சொன்னதே சரி என்று ஒப்புக்கொண்டதும் பாடத்திட்டத்தில் இல்லாத பயிற்சி.

படிப்பு முடிந்த பின் கோயம்புத்தூரில் ஒரு சிறு நிறுவனத்தில் மென்பொருள் சோதனைப் பிரிவில் அவருக்கு வேலை கிடைத்தது. நேர்காணலில் கொழுந்துக் கணக்கைப் பற்றித்தான் அதிக நேரம் கேட்டார்கள் என்று சொன்னார். எல்லோருக்கும் இப்படி அமைந்துவிடுவதில்லை. பின்னர் நாம் பணி மாற்றலில் பாலக்காட்டின் சித்தூர் வட்டத்துக்கு வந்தபோது, நல்ல மதிப்பெண்ணோடு பட்டம் பெற்றும் இரண்டு ஆண்டுகளாக வேலையில்லாமல் இருந்த ஓர் உழவர் மகனின் கடன் கோப்பு நம் மேசைக்கு வந்தது. கல்லூரியில் செய்த திட்டப்பணி என்ன என்று கேட்டோம். வெளியே விலைக்கு வாங்கியது என்று தலைகுனிந்து சொன்னார். தவணைக் காலத்தை மாற்றியமைத்துத் தர நம்மால் முடிந்தது. இழந்த நான்கு ஆண்டுகளை எந்த வங்கியாலும் மாற்றியமைக்க முடியாது.

சேர்வதற்கு முன் கேட்க வேண்டியவை

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தையும் விளம்பரத்தையும் பார்ப்பதோடு, அங்கே படிக்கும் மாணவர் இருவரிடமாவது பின்வருவனவற்றைக் கேட்டறிவது நன்று.

ஆய்வக நேரத்தில் மாணவர் ஒவ்வொருவருக்கும் கணினி கிடைக்கிறதா? பட்டியலில் இல்லாத புதிய கணக்குகளுக்கு நிரல் எழுதச் சொல்கிறார்களா? திட்டப்பணியை மாணவர்களே செய்கிறார்களா, எழுதிய நிரலை ஆசிரியர் வரி வரியாகக் கேட்கிறாரா? குழுவாக வேலை செய்யவும் 'கிட்' போன்ற கருவிகளைப் பயன்படுத்தவும் பழக்குகிறார்களா? கல்லூரிக்கோ பாடப்பிரிவுக்கோ நாக் அல்லது என்பிஏ தரச்சான்று உண்டா? கடைசிக் கேள்வி வட்டி மானியத்தோடும் தொடர்புடையது.

கடனைப் பொறுத்தவரை, 7.5 லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடன்களுக்கு 2015 முதல் கடன் உத்தரவாத நிதியத்தின் பாதுகாப்பு உள்ளது. அத்திட்டத்தின் கீழ் வரும் கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கப்படுவதில்லை. லயத்தில் வாழும் குடும்பங்கள் இதை அறிந்திருப்பது மிக முக்கியம். குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்து, தகுதியுள்ள நிறுவனத்தில் தொழிற்கல்வி பயில்பவராக இருந்தால், படிப்புக் காலத்துக்கும் அதன் பின் ஓராண்டுக்கும் உரிய வட்டியை மைய அரசின் மானியத் திட்டம் ஏற்கிறது. மேலே நாம் கண்ட கணக்கில் 1,40,000 ரூபாய் என்பது எவ்வளவு பெரிய தொகை என்பதை நினைத்துப் பார்த்தால், வருமானச் சான்றிதழை உரிய நேரத்தில் தருவதன் அருமை புரியும். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமர் வித்யாலட்சுமி திட்டம், தெரிவு செய்யப்பட்ட தரமான நிறுவனங்களில் சேர்வோருக்கு அடமானமும் பிணையாளரும் இன்றிக் கடன் பெற வழி செய்கிறது. வருமான வரி செலுத்துவோர் பழைய வரி முறையில் இருப்பின், கல்விக் கடன் வட்டிக்குக் கழிவு பெறலாம். விதிமுறைகள் அவ்வப்போது மாறுவதால், விண்ணப்பிக்கும் முன் கிளையில் ஒருமுறை கேட்டுத் தெளிந்துகொள்ளுமாறு வேண்டுகிறோம்.

பெற்றோர் கேட்கக்கூடிய கேள்வி

"எனக்கு இங்கிலீஷும் தெரியாது, கம்ப்யூட்டரும் தெரியாது. அவ படிக்கிறாளான்னு எப்படிப் பார்க்கிறது?" என்று கேட்கும் பெற்றோர் பலர். அவர்களுக்கு இப்போது நாம் சொல்லும் யோசனை இது. விடுமுறைக்குப் பிள்ளை வீட்டுக்கு வரும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த மாதம் நீயாக எழுதிய நிரல் எது? அதில் என்ன தப்பு வந்தது? அந்தத் தப்பை எப்படிக் கண்டுபிடித்தாய்? விடையைத் தமிழிலேயே சொல்லச் சொல்லுங்கள். உண்மையாகக் கற்றவர் உங்களுக்குப் புரியும்படி சொல்லிவிடுவார். சொல்லத் தடுமாறினால் கடிந்துகொள்ள வேண்டா. அங்கேதான் உதவி தேவைப்படுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அந்தத் தாய் கேட்டதும் இதே வகைக் கேள்விதான். தந்தை முதல் நாள் நம்மிடம் கேட்ட கேள்விக்கு இன்றும் உறுதியான விடை நம்மிடம் இல்லை. மகளின் முதல் தவணைத் தொகையைக் கட்ட அவர் வந்தபோது, ரசீதை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "அடுத்தவன் இப்ப பிளஸ் டூ, சார். அவனும் இதுதான் படிக்கணும்னு சொல்றான்" என்றார். இம்முறை படிவத்தை எடுப்பதற்கு முன், எந்தக் கல்லூரி, அங்கே படிக்கும் மாணவர்களிடம் பேசிப் பார்த்தாரா என்று நாமும் கேட்டோம்.